நான் உலர்த்திய மணல்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி போடும் வரிசையில் நின்றபோதுதான் கசகசா ஞாபகம் வந்தது. வளைகுடா நாடுகளுக்குக் கசகசா கொண்டுபோனால் ஜெயில் என்பது எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்த விஷயம். மனைவிக்குப் போன் போட்டேன்.

"கோமதி, குருமாப் பொடியில கசகசா போட்டியா?"

"போடாம எப்படிக் குருமா வைக்க?"

வரிசையை விட்டு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். குருமாப் பொடி குப்பைத் தொட்டிக்குப் போனது. சந்தேகத்தின் பேரில் சாம்பார்ப் பொடியும் போனது. இட்லிப் பொடியை முகர்ந்து பார்த்தேன். எள் வாசனைதான். ஆனால் எள்ளும் சிறியதுதானே, பார்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்று அதையும் போட்டேன். மிஞ்சியது ஊர்க் கடலை மிட்டாய் நான்கு பாக்கெட்டும் நார்த்தங்காய் ஊறுகாயும்.

இயல்பிலேயே நான் பயந்தவன். ஆனால் அந்த வாரம் அது எனக்கே அதிகமாக இருந்தது. என் மகள் செண்பகவல்லி தொல்லியல் படித்தவள். ராஸ் அல் கைமாவுக்குப் பக்கத்து மலைகளில், உயரத்தில் உள்ள ஒரு பாறைக் குகையைத் தோண்டும் குழுவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். மழையே இல்லாத ஊர், சேறு கிடையாது, பாம்பு கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அனுப்பினேன். அங்கே ஒரு மதியம் மழை பெய்து, காய்ந்து கிடந்த ஓடையில் வெள்ளம் வந்து, அவள் இருந்த வண்டியைப் புரட்டிக்கொண்டு போனது. "வலது கை முறிஞ்சிருக்குப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்று போனில் சொன்னாள். அந்த "வேற ஒண்ணும் இல்ல" என்பதைச் சொல்லும்போது அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோமதியின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததால் நான் மட்டும் கிளம்பினேன். அவள் எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "வியாழக்கிழம புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துருங்க. பேசிட்டு நிக்காதீங்க."

துபாயிலிருந்து ராஸ் அல் கைமா போகும் பஸ்ஸில் முன் இருக்கை காலியாக இருந்தது. நல்ல காலம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிலிப்பினோ பெண் வந்து என் முன்னால் நின்று புன்னகைத்தாள். நானும் புன்னகைத்தேன். இன்னொரு பெண் வந்து நின்றாள். அவளைப் பார்த்தும் புன்னகைத்தேன். பின்னாலிருந்து ஒரு பட்டாணிக்காரர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "சாச்சா, இது அவங்க இடம், நம்ம இடம் பின்னால" என்று இந்தியில் சொல்லி, என் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். தன் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது அவருக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் கொடுத்தேன். "முறுக்கா?" என்று கேட்டார். எந்தத் தமிழரோடு வேலை பார்த்தாரோ.

வல்லியின் குழு எடுத்திருந்த ஃபிளாட் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் மொய்தீன் காயல்பட்டினத்துக்காரர். நான் பெட்டியோடு நின்றதும், "வல்லியோட வாப்பாதானே? மொகத்தப் பாத்தாத் தெரியுதே. மேல போங்க அண்ணாச்சி, புள்ள காலையிலருந்து மூணு தடவ எறங்கி வந்து ரோட்டப் பாத்துட்டுப் போயிட்டா" என்றார்.

கதவைத் திறந்தவள் இடது கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட வலது கை எங்கள் இருவருக்கும் நடுவே பலகை மாதிரி இருந்தது. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று மதியம், மொய்தீன் அனுப்பிய மீன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். இடது கையால் ஸ்பூன் பிடிக்க வராமல் பாதிச் சோறு மேஜையில் விழுந்தது.

"ரொம்பக் காலத்துக்கு முன்ன இங்க நல்ல மழப்பா. இப்ப மணலா இருக்கிற இடத்துல ஏரி இருந்திருக்கு, புல்லு இருந்திருக்கு. அப்புறம் மழ நின்னு போச்சு. கீழ காஞ்சது. மல மேல மட்டும் கொஞ்ச நாளைக்கு ஈரம் இருந்திருக்கும். அப்ப ஜனங்க மேல ஏறுனாங்களா, இல்ல ஊர விட்டே போயிட்டாங்களா? அதான் கேள்வி."

"அது எப்படித் தெரியும்?"

"குகைக்குள்ள ரெண்டு அடுப்பு இருக்கு. ஒண்ணு அடியில, ஒண்ணு மேல. சாம்பலும் கரியும் கருப்பா அப்படியே தெரியும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் மணல். காத்து கொண்டு வந்து போட்டது. ஆளில்லாத காலத்து மணல். எத்தன காலம் அந்த வீடு காலியா கெடந்துச்சுன்னு அந்த மணல்தான் சொல்லணும்."

நான் கோவில்பட்டி மண் பரிசோதனை நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மண் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மணல் எப்படிச் சொல்லும்?" என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தவள், வலி மாத்திரை வேகத்தில் சோபாவிலேயே கண் சொருகிவிட்டாள். மேஜையில் சிந்திய சோற்றைத் துடைத்தேன். மழை வருகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் மதியமும் அவள் தூங்கினாள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். கட்டிலடியில் ஒரு பை, வெள்ளத்தில் நனைந்து, கிழிந்து, சேற்று வாடையோடு கிடந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் ஊறிப்போய் எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. உள்ளே கருப்பு பிளாஸ்டிக் சுற்றிய எஃகுக் குழாய்கள் மூன்று. ஒவ்வொன்றும் நீளத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றின் வாயிலிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். மணல். உள்ளே லேசான ஈரம்.

ஈர மண்ணை மூடி வைக்கக் கூடாது. எங்கள் நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். பூசணம் பிடிக்கும், சத்து மாறும், முடிவு தப்பாக வரும். செய்தித்தாளில் பரப்ப வேண்டும், கட்டியை உடைக்க வேண்டும், கல்லைப் பொறுக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கையோடு இவள் இதையெல்லாம் எப்படிச் செய்வாள்? பால்கனியில் மூன்று தாள்களை விரித்து, குழாய் எண் மாறாமல் ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி வைத்து, மணலைப் பரப்பினேன். மங்கலான சிவப்பு, பொடிப் பொடியாக, அவ்வளவு மிருதுவாக இருந்தது. எங்கள் கரிசலைத் தொட்ட விரலுக்கு அது மண் மாதிரியே இல்லை. வெயில் நேராகப் படாமல் ஒரு துண்டைக் கூடக் கட்டினேன். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து காற்றுக்குக் காவல் காத்தேன். அளவைக் குறைக்க, நாலாகப் பிரித்து இரண்டு பங்கைக் கழிக்கும் வழக்கமும் உண்டு; அதை மட்டும் அவள் முடிவுக்கு விட்டேன். பிறகு குழாய்களில் நிரப்பி, டேப் ஒட்டி, புது பிளாஸ்டிக் சுற்றி, பழையபடி வைத்தேன். நாறிய பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மொய்தீன் கடையில் வாங்கிய நல்ல பை ஒன்றில் போட்டேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று, மணலை உலர்த்தியதை அவளிடம் சொல்லவில்லை.

வந்ததிலிருந்து அன்றுதான் முதல் முறையாக மனசு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு நகுலன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குழுவின் டிரைவர். வெள்ளத்தில் வல்லியோடு வண்டியில் இருந்தவர், கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தவர். விலாவில் அடிபட்டு, மூச்சு விடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல முயன்றேன்.

"விடுங்கோ ஐயா. உங்கட மகள்தான் என்னை ஏசினவ. 'அண்ணை, என்னை விடுங்கோ, பையைப் பிடியுங்கோ' எண்டு. தண்ணி கழுத்தளவுக்கு நிக்குது, இவ பையைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நிக்கிறா."

"எந்தப் பை?" என்று கேட்டேன்.

"மணல் குழாய்தான். வேற எது?"

வல்லி சமையலறையிலிருந்து, "எங்கப்பா அதுக்குப் புதுப் பை வாங்கி வச்சிருக்காங்கண்ணே" என்று பெருமையாகச் சொன்னாள்.

நகுலன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே எனக்கு விளக்கினார். பத்து வருடமாகத் தோண்டுகிறவர்களோடு சுற்றுகிறவர். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. "ஐயா, ஒவ்வொரு மணலுக்கும் கடைசியா எப்ப வெயில் பட்டது எண்டு ஞாபகம் இருக்கும். மூடப்பட்ட நாளில இருந்து உள்ளுக்குள்ள எண்ணிக்கொண்டே இருக்கும். லாபில இருட்டறையில வச்சுத் திறந்து அந்தக் கணக்கைப் பாப்பினம். விளங்குதோ? அதாலதான் தார்ப்பாயைப் போத்து, இருட்டுக்குள்ள குழாயை அடிச்சு எடுக்கிறம். ஒருக்கா வெளிச்சம் பட்டால் சரி, கதை முடிஞ்சுது. எல்லாம் அழிஞ்சு திரும்ப முதல்ல இருந்து எண்ணத் தொடங்கும்."

"நிழல்ல வச்சா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நிழலும் வெளிச்சம்தானே ஐயா."

"ஈரம் காய்ஞ்சா?"

"அதுவும் பிழைதான். எவ்வளவு ஈரம் இருந்தது எண்டும் கணக்கில சேக்க வேணும். என்ன, நல்லாக் கேள்வி கேக்கிறியள்! நீங்களும் மண் ஆள்தானே."

நார்த்தங்காய் புளிப்பு என்று சொல்லி எழுந்துபோய்க் கை கழுவினேன். பால்கனியில் துண்டு அப்படியே கட்டியிருந்தது. அதை அவிழ்த்து மடித்தேன்.

அவர் போன பிறகு வல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊருக்கு வா என்று இரண்டு நாளாக நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பதில் சொல்லாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளே ஆரம்பித்தாள்.

"சரிப்பா. நான் வாரேன்."

"என்னது?"

"வியாழக்கிழம ஒங்ககூட வாரேன். குழாய் மூணும் பத்திரமா இருக்கு. என் வேல முடிஞ்ச மாதிரிதான். நாளான்னைக்குக் குழிய மூடப் போறாங்க. ஒவ்வொரு வருஷமும் வேல முடிஞ்சா அப்படித்தான், தோண்டுன மண்ணப் போட்டே மூடிருவோம், சுவர் இடியாம இருக்கணும்ல. அதுக்கு நான் வேண்டாம்."

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். கோமதியிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் குத்துவிளக்கு ஏற்றத் தீக்குச்சி உரசும் சத்தம்கூடக் கேட்டது மாதிரி இருந்தது. மாலையில் மொய்தீன் அட்டைப் பெட்டியோடு வந்து, பால் பவுடர், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம் என்று தானாகவே அடுக்க ஆரம்பித்துவிட்டார். "புள்ள ஊருக்குப் போறால்ல அண்ணாச்சி, வெறுங்கையோடயா போறது?"

நான் உடைந்து போகாமல் இருக்க வேறு எதையாவது நினைக்கப் பார்த்தேன். வந்தது எங்கள் நிலையத்து ஞாபகம். ஒரு வருடம் கருவி பழுதாகி, மண் பொட்டலங்கள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். பக்கத்துப் புஞ்சையின் முடிவைப் பார்த்து ஏழெட்டு மண்வள அட்டைகளை நானே நிரப்பினேன். அடுத்த வருடம் ஒரு விவசாயி அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து, "நீங்க எழுதுனபடிதான் சார் உரம் போட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நிலத்தை நான் பார்த்ததே இல்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கோமதியிடம் கூட.

நான்காம் நாள் காலை தேநீர் போட்டு, வல்லிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் கடலை மிட்டாயை இடது கையால் மேஜை விளிம்பில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழாய நான் தொறந்துட்டேன்."

"எந்தக் குழாய?"

"மூணையும்."

மிட்டாய் அவள் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "எங்க வச்சு?"

"பால்கனில. நெழல்லதான். ஈரமா இருந்துச்சு, பூசணம் பிடிச்சிரும்னு..."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"பரப்பி வச்சீங்களா?"

"ஆமா."

"கட்டிய ஒடச்சீங்களா?"

"ஆமா."

"கல்லு?"

"பொறுக்கிட்டேன்."

அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பினாள். அழுதுகொண்டும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். "வெள்ளத்துக்குத் தப்பிச்சுக் கொண்டு வந்தேன்ப்பா. மண் ஆபீஸ்காரர்ட்ட மாட்டிக்கிட்டேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழுவின் பேராசிரியைக்குப் போன் செய்தாள். ஆங்கிலத்தில் பேசியதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். குழாய்கள் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டன என்றாள். தன்னுடைய கவனக்குறைவு என்றாள். மறுமுனையில் என்னவோ நீளமாகக் கேட்டது. "இல்லை, வேறு யாரும் இல்லை, நான்தான்" என்று மறுபடியும் சொன்னாள். நாளை குழியை மூடுவதற்கு முன் அதே மணலில் மறுபடி எடுத்துவிடுவதாகவும், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவைக்கும் வரை தான் இங்கேயே இருப்பதாகவும் சொல்லி முடித்தாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "கேட்டீங்கல்ல" என்றாள்.

"நானும் மலைக்கு வாரேன்."

"நீங்க எதுக்குப்பா?"

"நகுலனுக்கு விலாவுல அடி. ஒனக்கு ஒரு கைதான். சுத்தியல் யாரு பிடிப்பா?"

கோமதிக்கு நான்தான் சொன்னேன். "ஒங்கள அனுப்புனதுக்கு நான் பாஸ்போர்ட்டப் புதுப்பிச்சிட்டே வந்திருக்கலாம்" என்றாள். கடைசியில், "சாப்பாட்டுக்கு என்ன பண்றா?" என்று கேட்டாள். மொய்தீன் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். பேரீச்சம்பழத்தை மட்டும் எடுத்து, "இது மலைக்கு" என்று என் கையில் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். போனில் வானிலையைப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரு தடவை, பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, மலை தொடங்கும் இடத்தில் ஒரு தடவை. எல்லாத் தடவையும் சூரியன் படம்தான். ஊரில் நாங்கள் மழைப் படத்துக்கு ஏங்குகிறவர்கள். சூரியன் படத்தைப் பார்த்து நான் நன்றி சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

ஓடையை அங்கே வாதி என்கிறார்கள். இருபக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் யானை அளவுக் கற்களும் கூழாங்கல்லும். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு முள்மரத்தில், என் தலைக்கு மேல் உயரத்தில், காரின் பிளாஸ்டிக் பாகம் ஒன்று சொருகி நின்றது. தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் நகுலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"ஐயா, இந்த இடம்தான். ரெண்டு நிமிசம் தாங்கோ."

அவர் தோளில் கையை வைத்தேன். யாருக்கு யார் தைரியம் சொல்கிறோம் என்று தெரியவில்லை. பின் இருக்கையிலிருந்து வல்லி, "ரெண்டு பேரும் எறங்கி நடந்து வாங்க, நான் ஒத்தக் கையால ஓட்டிருவேன்" என்றாள். நகுலன் சிரித்து, விலா வலித்து, ஐயோ என்று வண்டியை எடுத்தார்.

எதிர்க் கரையில் ராஷித் காத்திருந்தார். அந்த மலையில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், தோண்டும் இடத்துக்குக் காவல். என்னைப் பார்த்ததும், "மாஃபி மழை! கலாஸ்! யல்லா, யல்லா!" என்று, மழை இல்லை, முடிந்தது, வாங்க வாங்க என்கிற மாதிரி, வானத்தைக் காட்டிக் கத்திக்கொண்டே காபி ஊற்றினார். அதற்கு அப்புறம் நடைதான். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கீழே அனலடித்த அதே நாளில் மேலே நான் துண்டைப் போர்த்திக்கொண்டேன். புல் பூண்டு அதிகமில்லை, ஆனால் பாறை இடுக்கில் வெள்ளத்துக்குப் பிந்திய பச்சை அங்கங்கே முளைத்திருந்தது. ராஷித் அதைக் காட்டி என்னவோ சொன்னார். நகுலன் மொழிபெயர்த்தார்: "முந்தி மழை கொஞ்சம் கொஞ்சமா, காலத்துக்குக் காலம் வருமாம். இப்ப வராது, வந்தால் ஒரேயடியா எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகுமாம்." எங்கள் பக்கம் ஒரே இரவில் குளங்கள் உடைந்த மழையை நினைத்துக்கொண்டேன். ராஷித்திடம் அதைச் சொல்ல எனக்கு மொழியில்லை. தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

வழியில் ஒரு வீடு. பாதி தரைக்குள் புதைந்தது, சுவரெல்லாம் பெரும் பெரும் கல், கதவு ஜன்னல் அளவுதான். ராஷித்தின் தாத்தா காலத்தவர்கள் மழைக்காலத்தில் இங்கே பயிர் செய்வார்களாம். கோடையில் தானியத்தை உள்ளே பூட்டி வைத்துவிட்டு, கடற்கரைப் பேரீச்சந் தோப்புகளுக்கு இறங்கிவிடுவார்களாம். குனிந்து உள்ளே பார்த்தேன். கதவைவிடப் பெரிய ஜாடிகள். அதை எப்படி உள்ளே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். ஜாடியை வைத்துவிட்டுத்தான் சுவரே கட்டுவார்களாம். யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"அவங்க திரும்பி வரலன்னா?" என்று நகுலனைக் கேட்கச் சொன்னேன்.

ராஷித் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "ஏன் வராமப் போறம்? வீடு இங்கதானே இருக்கு எண்டு கேக்கிறான் ஐயா" என்றார் நகுலன்.

குகை, நான் நினைத்த மாதிரி பெரிய குகை இல்லை. பாறை ஒன்று முன்னால் குனிந்து நிழல் போட்டிருந்தது, அவ்வளவுதான். அதனடியில் சதுரமாக வெட்டிய குழி, என் நெஞ்சளவு ஆழம். வல்லி இறங்கி, சுவரில் விரலால் காட்டினாள். கீழே ஒரு கருப்புக் கோடு. மேலே இன்னொரு கருப்புக் கோடு. நடுவே அந்த மங்கலான சிவப்பு மணல். அது எனக்குத் தெரிந்த மணல். கீழ் அடுப்பில் கருகிய எலும்புத் துண்டு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. யாரோ இங்கே உட்கார்ந்து எதையோ சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் யாரோ ஒருவர் பிள்ளைகளை ஓரமாகப் போகாதே என்று கத்தியிருப்பார். விளிம்புக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். நான் வந்ததிலிருந்து வல்லியிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நகுலனும் ராஷித்தும் தார்ப்பாயைக் குழிக்கு மேல் இழுத்து, ஓரங்களில் கல் வைத்தார்கள். உள்ளே கும்மிருட்டு. புழுக்கம். வல்லி இடது கையால் குழாயைச் சுவரில் வைத்துப் பிடித்து, என் கையை இழுத்துக் குழாயின் தலையைத் தடவிக் காட்டினாள். மூன்றில் இரண்டு குழாய் சிக்கலில்லாமல் இறங்கியது. மூன்றாவது, அந்த மணலின் நட்டநடுவில் வைத்தது, கல்லில் தட்டியது போல நின்றது.

"மெதுவாப்பா. என் வெரல் இருக்கு."

"தெரியுது."

"தெரியாது, இருட்டா இருக்கு."

அடித்தேன். இறங்கியது. அடித்தேன். வெளியே நகுலனும் ராஷித்தும் இந்தியில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தார்ப்பாயின் எந்த முனையில் எந்தக் கல் என்று. வல்லியின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நாளைக்கு இந்நேரம் நான் மட்டும் விமானத்தில் இருப்பேன். இவள் இங்கே, இந்த ஓடைக்கு மேல் இருப்பாள்.

"எப்பா."

"ம்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஒங்ககூட வந்திருப்பேன்."

"தெரியும்."

குழாயைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சற்று நகர்ந்து, இருட்டில் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, சுத்தியலைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தின.

"அடிங்க. இன்னும் ரெண்டு இஞ்ச் இருக்கு."

அடித்தேன்.